ரிவர்ஸ் இன்னாசி ஆடிய காலம்

அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள் காலையில், மீன்பிடித் திருவிழாவுக்காக ஊரே வாசலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஆவிடையேந்தல் பெரிய கண்மாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஐஸாக உறைந்துபோயிற்று. முதலில் கண்டுகொண்டவை எருமைகள். வழக்கம்போல மாட்டுத்துறையில் இறங்கிய அவை, நாலு காலும் நாலு திசைக்குப் போக, வயிறு பதியப் படுத்தபடியே வழுக்கிக்கொண்டு நடுக்கண்மாய் வரைக்கும் போய்ச் சேர்ந்து, வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதுபோல அங்கேயே அசைபோடத் தொடங்கின. மாட்டுக்காரர் கரையில் நின்று, "ஏய், வெளிய வாங்க, தண்ணி கெட்டியாயிருச்சு" என்று கத்தினாரே தவிர, தண்ணி ஏன் கெட்டியாயிற்று என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் கண்மாயின் சட்டம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் வலையும் கச்சா என்கிற கைவலையும் மூங்கில் கூடைபோல அடிப்பக்கம் திறந்திருக்கும் ஊத்தாவும் எடுத்துக்கொண்டு கரையில் வந்து நிற்பார்கள். ஊர்ப் பெரியவரான வீரணன் அம்பலம் மடைக்கல்லின்மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அவர் வீசும்வரை ஒருவர் கால் விரலும் தண்ணீரில் படக் கூடாது. வீசிய பிறகு ஒருவரும் கரையில் நிற்கக் கூடாது. பிடிக்கிற மீன் பிடித்தவருக்கு, அதுவும் குழம்புக்குத்தான், விற்பனைக்கு இல்லை. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. வெள்ளைத் துணி ஆடினால் பெண்ணுக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைகூட முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் சொல்வதுண்டு.

அந்த வருஷம் அம்பலம் மடைக்கல்லில் ஏறி நின்று, உறைந்த கண்மாயையும், ஐஸுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாற்போல வாயைத் திறந்தபடி நின்ற விராலையும் கெண்டையையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் மீனுக்கு லீவு" என்றார்.

கூட்டம் கலைந்தது. வலைகளை மறுபடி பரணில் ஏற்றினார்கள்.

பிறகு ஊர் அந்த ஐஸோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், நடுக்கண்மாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எலுமிச்சைச் சாற்றில் கண்மாயையே கொஞ்சம் உடைத்துப் போட்டுக் குடித்துவிட்டு, கண்மாயில் நீர் இல்லை என்று எழுதிக்கொண்டு போனதில், ஊருக்கு வறட்சி நிவாரணம் வந்தது. துபாயிலிருந்து மகன் வந்து சேரும்வரை செத்தவர்களைக் கண்மாயில் கிடத்தினார்கள், எறும்புகூட அண்டவில்லை. கரையில் நின்ற அய்யனாரின் மண் குதிரைகளுக்குச் சளி பிடிக்குமே என்று யாரோ மங்கிக் குல்லா மாட்டிவிட, அடுத்த வாரத்திலிருந்து அது நேர்த்திக்கடன் ஆயிற்று. பங்குச் சாமியார் மட்டும், ஆயர் வந்து பார்த்துச் சொல்லும்வரை இது கடவுள் செய்த புதுமையும் அல்ல, இயற்கையும் அல்ல, ஆகவே இதைக் குறித்து ஒருவரும் வியக்க வேண்டாம் என்று பூசையில் அறிவித்தார். அவர் சொல்வதற்கு முன்னாலும் யாரும் வியக்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் அடி விழுந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஐஸ் பாக்டரி மூடப்பட்டது. வெட்ட வெட்டக் குறையாத ஐஸ் சும்மா கிடைக்கும்போது யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அங்கே லோடுமேனாக இருந்த என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து, இழுப்புக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம். நான் முழுகாமல் இருந்தேன். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஆள் உயர ஐஸ் பாரில் கொக்கியைப் போட்டு, ஈரத் தரையில், பின்னாடியே நடந்து, லாரிவரைக்கும் இழுத்துக்கொண்டு போவது. சின்ன வயதிலிருந்து அதையே செய்ததில், முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதே அவருக்குச் சுலபம். கல்யாணத்தன்றுகூடக் கோயிலைவிட்டு வெளியே வரும்போது, என்னைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று பின்னாடியே நடந்து வந்தவர். அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஹாக்கி என்றால் உயிர். கட்டாந்தரையில் முட்டியைப் பேர்த்துக்கொண்டு ஆடியவர்கள் கண்மாய் கெட்டியானதும் அங்கே இறங்கினார்கள். பந்து நிற்காமல் அடுத்த ஊர் எல்லைவரை ஓடியதால், லாரி டயரில் வட்டமாக ஒரு வில்லை வெட்டிக்கொண்டார்கள். செருப்புக் காலோடு இறங்கினால் ஆளே நிற்கவில்லை என்பதால், ஆடுகிறவர்களைவிட விழுகிறவர்களைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அப்போதுதான் எனக்குக் கான்வென்ட் சமையல்கட்டு ஞாபகம் வந்தது.

நான் படித்த காலத்துக்கும் வெகுமுன்பு, ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பங்கிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய மூட்டை வந்ததாம். பிரித்தால் உள்ளே எல்லாம் சப்பாத்து, ஒவ்வொன்றின் அடியிலும் முழ நீளத்துக்கு இரும்புத் தகடு. மாட்டிக்கொண்டு நடக்க முடியாத சப்பாத்தை எதற்கு அனுப்பினார்கள் என்று யோசித்த சிஸ்டர்கள், அந்தத் தேசத்து அரிவாள்மனை இப்படித்தான் இருக்கும் போல, சப்பாத்துப் பகுதி உட்காரும் பலகை என்று முடிவு செய்து, அன்றிலிருந்து ஹாஸ்டலுக்கு அதில்தான் கத்தரிக்காய் அரிந்தார்கள். வகுப்பில் பேசியதற்குத் தண்டனையாக நானும் அதில் நிறைய அரிந்திருக்கிறேன். நான் போய்ச் சொன்னதும், சமையல்கட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஜெம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றைக் கழுவித் தந்தார்.

"பிலோமினா, விளையாடி முடிச்சதும் திருப்பித் தரணும். வெண்டைக்காய் சீசன் வருது."

கான்வென்ட் விளையாட்டு மாஸ்டர், குளிர் தேசங்களில் இந்த மாதிரி ஓர் ஆட்டம் ரொம்ப நாளாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். "போங்க சார், அங்க ஏது கண்மாய்?" என்று பையன்கள் அவரை அனுப்பிவிட்டார்கள். உலகத்திலேயே முதல்முறையாக இந்த ஆட்டம் ஆவிடையேந்தலில்தான் பிறந்தது என்பதில் எங்கள் ஊருக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

என் வீட்டுக்காரர் முதல் நாள் அந்தச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, எல்லோரும் அவர் விழுவதற்காகக் காத்திருக்க, விழாமல், கொக்கி பிடித்த கையில் மட்டையைப் பிடித்து, வில்லையை ஐஸ் பார்போலத் தன்னிடம் இழுத்து, பின்பக்கமாகவே போனார், போனார், எதிர் ஆட்கள் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார், கோல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே முதுகால் அதற்குள் நுழைந்து, வில்லையையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் பெயர் ரிவர்ஸ் இன்னாசி. எதிர்ப்பக்கத்து ஆட்களுக்கு அவரை எப்படி மறிப்பதென்றே தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் அவர் தங்களைவிட்டு விலகிப் போகிறவராகத் தெரிந்தார். விலகிப் போகிறவனை எதற்கு மறிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்து முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும்.

அதுவரை பையன்கள் ஒரு பனியனுக்கும் ஒரு வேளைப் பிரியாணிக்கும்தான் ஆடினார்கள். சம்பளத்துக்கு ஆடிய முதல் ஆள் என் வீட்டுக்காரர். சம்பளம் என்றால் பணம் இல்லை, செங்கல். சூளைக்கார ரத்தினவேலு ஓர் அணி வைத்திருந்தார். எங்களுக்கு வீடில்லை, அவரிடம் செங்கல் இருந்தது. கோலுக்கு இத்தனை கல் என்று பேச்சு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் டிராக்டர் வந்து எங்கள் மனையில் கல்லைக் கொட்டிவிட்டுப் போகும். சுவர் எழும்பியது. என் வீட்டுக்காரருடைய புகழ் எவ்வளவு என்று யாராவது கேட்டால், வெளியூர்க்காரர்களைக்கூட அழைத்துக்கொண்டு வந்து எங்கள் சுவரைக் காட்டுவார்கள்.

சுவர் ஜன்னல் அடிமட்டம் வந்தபோது எதிரணி வைத்திருந்த ரைஸ்மில் அழகாத்தாள் வீடு தேடி வந்தார். வெற்றிலை போட்ட வாயோடு, கண்டாங்கிச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, செங்கல் குவியலின்மேலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, கல்லைத் திங்க முடியுமா? வயித்துப்பிள்ளைக்காரி வீட்ல இருக்கா. என் பக்கம் வா. நீ ஆடுற வரைக்கும் உன் வீட்டு அரிசி என் பொறுப்பு."

"ரத்தினவேலு அண்ணன்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன் ஆத்தா."

"எவ்வளவு உசரத்துக்கு வாக்கு குடுத்த?"

"ஜன்னல் வரைக்கும்."

"ஜன்னல் வந்துருச்சுல்ல?"

என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரைக் கையால் அளந்து பார்த்தார். ஆனால் பேச்சு முடிவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிட்டது, அதுவோ சூளைக்கும் மில்லுக்கும் நடந்த ஆட்டம். முன்பாதியில் சூளைக்காக அவர் மூன்று கோல் போட்டார். இடைவேளையில், ஆரஞ்சு சுளை உரித்துக்கொண்டிருக்கும்போதே, அழகாத்தாள் கரையில் அரிசி மூட்டையை இறக்கிவிட, பின்பாதியில் மில் பனியனைப் போட்டுக்கொண்டு, தான் போட்ட மூன்றுக்கும் பதிலாக மூன்று போட்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் அவரையே தோளில் தூக்கிக்கொண்டு போக, மற்றவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் மட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். ரத்தினவேலு மட்டும், "நன்றி கெட்டவன்" என்று அரைமணி நேரம் திட்டிவிட்டு, சாயங்காலமே ஆள் அனுப்பினார்: நிலைக்கு மேல் கல் வேண்டுமா என்று கேட்டு வரச் சொன்னாராம்.

இப்படியே அவர் அங்கும் இங்குமாகப் போய்வந்ததில், ஒரு பருவம் சோறும் ஒரு பருவம் சுவருமாக, ஆவணி போய், தை வந்தது. நடுவே ஐப்பசியில் என் மகள் செலின் பிறந்தாள். சுவர் நிலைக்கு மேலே வந்து நின்றது. கூரை இல்லை. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன்கீழ் குடியிருந்தோம். அவர் முகம் போட்ட காலண்டர் மளிகைக் கடையில் தொங்கியது. அவரைப்போல நடக்க முயன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்கடையில் விழுந்தார்கள். மழை பெய்தால் எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது.

எனக்குப் பயம் வந்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அழகாத்தாள் வந்த அன்றா, பிள்ளை பிறந்த அன்றா. ஆனால் எதைப் பற்றிய பயம் என்று தெரியும். மடைக்கு நேரே, சூளைப் பக்கத்துக் கோல்கம்பம் நின்ற இடத்தில், ஐஸுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. ரத்தினவேலு செங்கல்லுக்காக வண்டல் அள்ளி அள்ளி விழுந்த பள்ளம். கண்மாய் முழுக்க இடுப்பளவு என்றால் அங்கே இரண்டு பனை ஆழம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் என் பக்கத்து பெஞ்ச் ரெஜினா தாமரை பறிக்கப் போய் அதில்தான் இறங்கினாள். வெளியே எடுக்கும்போது கையில் தாமரை இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாதே என்று ஊரே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐஸ் மூடியதும் எல்லோரும் மறந்துபோனார்கள். மடைப் பக்கத்தில்தான் ஐஸ் நல்ல வழவழப்பு, கோல்கம்பத்தை அங்கேயே நடு என்றார் ரத்தினவேலு. தான் தோண்டிய இடம் அவருக்கே நினைவில்லை.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் மடைக்கல்லில் போய் உட்காருவேன். கீழே, ஐஸுக்குள், பள்ளத்தின் விளிம்பில் ஒரு பெரிய விரால், வருஷம் முழுக்க வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. செலினுக்கு அதைக் காட்டித்தான் கூழ் ஊட்டினேன். பங்குனி முடிந்து சித்திரை வெயில் ஏறிய ஒரு நாள் போய்ப் பார்த்தால், விரால் வாயை மூடியிருந்தது.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

"என்னங்க, ஐஸ் இளகுது. மடைக்கிட்ட மீன் வாயை மூடிருச்சு."

"மூடினா தூங்குதுன்னு அர்த்தம்."

"ஒரு வருஷமா தூங்காத மீனா?"

"ஒரு வருஷமா தூங்கலைன்னா அசதியா இருக்கும்ல?" என்றார், சப்பாத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டே. "பிலோமி, நீ படிச்ச பிள்ளை. மீனைப் பார்த்து ஜோசியம் சொல்லலாமா?"

அம்பலத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டார். "தாயி, உருகாதுன்னு யாரும் சொல்லலை. ஆனா உருகுதுன்னு நம்ம வாயால சொன்னா நிவாரணத்தை நிப்பாட்டிருவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க." சிஸ்டர் ஜெம்மா, நவநாள் செபம் செய் என்றார், அப்படியே சப்பாத்துகள் பத்திரமாக இருக்கின்றனவா என்றும் கேட்டார்.

இறுதி ஆட்டம் அறிவிக்கப்பட்டது. சூளையும் மில்லும். ரத்தினவேலு வீட்டுக்கு வந்தார், வெள்ளைச் சட்டையும் கையில் இனிப்புப் பெட்டியுமாக. தார்ப்பாயை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இன்னாசி, கடைசி ஆட்டத்துக்கு நீ என் பக்கம். கான்கிரீட் கூரை என் செலவு. கம்பி, சிமென்ட், ஜல்லி, எல்லாம். ஒண்ணே ஒண்ணு. ஆட்டம் ஆரம்பிக்குமுன்ன நம்ம செலின் பாப்பாவுக்கு நம்ம ஜெர்சியைப் போட்டு, நீ கையில தூக்கிட்டு, உன் ஸ்டைல்ல ஒரு சுத்து. நம்ம கோல் போஸ்ட்கிட்ட வந்து நிப்பாட்டு. நான் மாலை போடுறேன். போட்டோக்காரன் வர்றான்."

"வேணாம்ணே" என்றேன் நான். வாசல்படியில் நின்றுகொண்டு, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏம்மா, கூரை வேணாமா?"

"கூரை வேணும். அந்த இடம் வேணாம்."

"எந்த இடம்?"

"நீங்க மண்ணு அள்ளின இடம்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் ஏதோ பிள்ளை பெற்ற பலவீனத்தில் பேசுகிறேன் என்பதில் இரண்டு ஆண்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் போன பிறகு என் கணவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ஒரே ஒரு சுத்து பிலோமி. நான் விழுந்து பார்த்திருக்கியா? ஐஸ் மேல நான் விழுந்து ஒருநாள் பார்த்திருக்கியா?" நான் பார்த்ததில்லைதான். அவர் விழுவார் என்று நான் சொல்லவும் இல்லை. ஐஸ் விழும் என்றுதான் சொன்னேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் என் மகள் படம் பனையளவுக்கு பிளெக்ஸில் நின்றது, ஒரு பக்கம் அவளுடைய அப்பா, மறுபக்கம் ரத்தினவேலு, நடுவில் பல் முளைக்காத வாயைத் திறந்துகொண்டு அவள், மேலே: வருக வருக.

இறுதி ஆட்டத்தன்று கரை கொள்ளாத கூட்டம். சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு. பொரி, பஞ்சுமிட்டாய், வாடகை ஸ்வெட்டர். ஆட்டக்காரர்களின் வீட்டாருக்கு மடைப் பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று செலினை அவளுடைய ஞானஸ்நானத் துணியில், அந்தக் கனத்த வெள்ளைத் துணியில், நன்றாகச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தரமாட்டேன், யார் கேட்டாலும் தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நின்றிருந்தேன். அவர் கரையோரமாக வழுக்கிக்கொண்டு வந்தார். ஆயிரம் பேர் பார்க்க, கையை நீட்டினார். செலின் அப்பாவைக் கண்டதும் என் இடுப்பிலிருந்து அப்படியே தாவிவிட்டாள். கூட்டம் கைதட்டியது. கைதட்டுகிற கூட்டத்தின் முன்னால் பிள்ளையைப் பிடித்து இழுக்க எனக்குத் தெரியவில்லை.

"இது ஜெர்சியை மறைக்குது" என்று அந்த வெள்ளைத் துணியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, பின்னாடியே போனார்.

போனார், போனார். என்னைப் பார்த்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கோயிலிலிருந்து வந்ததுபோலவே போனார். பிள்ளையும் சிரித்தது. கண்மாயைச் சுற்றி ஒரு வட்டம், அதன் முடிவில் மடைப் பக்கத்துக் கோல்கம்பம், அதன் பக்கத்தில் மாலையோடு ரத்தினவேலு. நான் குனிந்து ஐஸுக்குள் பார்த்தேன். விராலைக் காணோம்.

கத்தினேன். ஸ்பீக்கர் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மடைக்கல்லின்மேல் ஏறினேன். இன்னும் கத்தினேன். பாதி வட்டம் முடிந்து அவர் திரும்பிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அந்தத் துணிதான். அதைத் தலைக்குமேல் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, என் தோள் கழன்று போகும்படி வீசினேன்.

பாட்டு நிற்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஒரு சத்தம் நின்றது; கூட்டத்தின் சத்தம். எல்லா முகமும் மடைக்கல் பக்கம் திரும்பியது. அப்புறம் யாரோ ஒருவர், "வீசியாச்சுடோய்!" என்றார்.

அவ்வளவுதான். பொரிக்காரர் தட்டை விட்டுவிட்டு ஓடினார். வாடகை ஸ்வெட்டரை வாடகைக்கு விட்டவரும் எடுத்தவரும் சேர்ந்தே ஓடினார்கள். வலை எங்க, பரணிலயா, ஊத்தாவை எவன் வாங்கிட்டுப் போனது, ஏய் சாவி யாருகிட்ட என்று ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு அவரவர் ஊர்ப் பக்கம் பறந்தார்கள். மில் அணியின் கோல்கீப்பர்தான் ஆட்டக்காரர்களில் முதலில் போனது. பின்னாலேயே இரண்டு அணியும், தகடு வைத்த சப்பாத்தோடு கரையேறி, தார் ரோட்டில் தீப்பொறி பறக்க ஓடின. அழகாத்தாள் மில் லாரியில் ஏறிக்கொண்டு, "வீட்டுக்கு விடுடா, வலை வீட்ல இருக்கு!" என்று டிரைவர் தலையில் குட்டினார். ரத்தினவேலு கொஞ்ச நேரம் மாலையோடு நின்றார். வசதியானவர், மீன் வாங்கித் தின்ன அவரால் முடியும். ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர்தானே. மாலையைக் கோல்கம்பத்தில் மாட்டிவிட்டு அவரும் ஓடினார்.

கண்மாயில் என் கணவரும் பிள்ளையும் மட்டும் நின்றார்கள். அவர் கரையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அவர் வாழ்க்கையில் பார்த்த பெரிய கூட்டம் அது. அவர் பாதிச் சுற்று சுற்றுவதற்குள் அதைக் காணோம். பிறகு என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏய் பிலோமி!" என்று கத்திக்கொண்டு, என்னிடம் சண்டை போடுவதற்காக, பின்பக்கமாகவே, தோளுக்குமேல் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, நேராக மடையை நோக்கி, நேராகப் பள்ளத்தை நோக்கி வந்தார்.

நான் மடைக்கல்லிலிருந்து குதித்து ஓடினேன். அவரை நில்லுங்கள் என்றால் நிற்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஓடினேன். கரைமேலேயே, குல்லா போட்ட குதிரைகளைத் தாண்டி, மாட்டுத்துறையை நோக்கி. அவரும் சண்டையை விடாமல், நான் ஓடிய பக்கமே திரும்பி, "நில்லுடி, எங்க ஓடுற, ஊர் முன்னாடி என்னை..." என்று கத்திக்கொண்டே கரையோரமாக என்னோடு கூடவே வழுக்கிக்கொண்டு வந்து, மாட்டுத்துறைச் சரிவில் ஏறி, சப்பாத்துத் தகடு மண்ணில் குத்தி, ஐஸின்மேல் ஒருநாளும் விழாதவர் தரையில் உட்கார்ந்து விழுந்தார். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். துணியில் சுற்றிக்கொண்டேன்.

அவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மடைப் பக்கத்தில் கோல்கம்பம், மாலையோடு, யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல லேசாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று.

கூட்டம் வலையோடு திரும்பி வரும்போது கண்மாய் தண்ணீராக இருந்தது. தண்ணீராகத்தானே இருக்கும் என்பதுபோல எல்லோரும் இறங்கினார்கள். எருமைகள் ஏற்கனவே கழுத்தளவு மூழ்கியிருந்தன. அம்பலம் மடைக்கல்லில் ஏறி, முறையாக இருக்கட்டும் என்று, எல்லோரும் மீனோடு கரையேறிக்கொண்டிருக்கும்போது துண்டை ஒரு தடவை வீசினார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. ஒரு வருஷம் ஐஸில் இருந்த மீன், நேற்றுப் பிடித்ததைவிடப் புதிதாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம் என்னை அழைத்தது. பொம்பளை வெள்ளை வீசியது குற்றம் என்பது ஒன்று. நான் வீசியதால்தான் ஐஸ் உருகிற்று என்பது இன்னொன்று. இதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்: அவள் வீசும்போது ஐஸ் இருந்தது, வலையோடு வரும்போது இல்லை. மில்லும் சூளையும் முதல்முறையாக ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தன.

"தாயி, தெரிஞ்சு வீசினியா, தெரியாம வீசினியா?" என்றார் அம்பலம்.

பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள். ஆகவே நான் பதில் சொல்லவில்லை. இனிமேல் மடைக்கல்லில் ஏறக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஏறவில்லை.

அதிகாரி மறுபடி வந்து, வேட்டி நனைய இறங்கிப் பார்த்து, கண்மாயில் நீர் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். சிஸ்டர் ஜெம்மா சப்பாத்துகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வாங்கிக்கொண்டார்; வெண்டைக்காய் சீசன் ஆரம்பித்திருந்தது. ஐஸ் பாக்டரி திறந்தது. என் வீட்டுக்காரர் கொக்கியை எடுத்துக்கொண்டு போனார். கூரை மட்டும் வரவில்லை. கோல் போட்டிருந்தால் வந்திருக்கும், போட்டிருப்பார், நான்தான் கெடுத்தேன் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அவரும் அங்கேதான் உட்கார்ந்து கேட்கிறார், மறுப்பதில்லை. வீட்டில் என்னோடு பேசுவதற்கு அவருக்கு ஆடி பிறக்க வேண்டியிருந்தது. அப்போதும் "உப்பு கம்மி" என்றுதான் ஆரம்பித்தார்.

நேற்று வேலை விட்டு வந்தவர், கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, தவழ்ந்துகொண்டிருந்த செலினின் இரண்டு கையையும் பிடித்து எழுப்பி நிறுத்தினார். அவள் ஆடினாள். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் இன்னும் ஓர் அடி பின்னால். அப்படியே, திரும்பிப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, கூரையில்லாத வீட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் பின்னாடியே போனார். முதுகு செங்கல்லில் முட்டியதும் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார், நான் பார்த்தேனா என்று.

பார்த்தேன். கைதட்டத்தான் நினைத்தேன். கையில் துவைத்த துணி இருந்தது, பிள்ளையின் வெள்ளைத் துணி. அதை உதறாமல், நன்றாகப் பிழிந்து, மெதுவாகக் கொடியில் விரித்துப் போட்டேன். உதறினால் தெருவே வலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.